மாயமும் மர்மமும் காதலும்: ஒரு நாவல் வகைக்காக ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு நூல் பக்கத்தில், மந்திரமும் மர்மமும் காதலும் கலந்து எழுதப்பட்ட புதிய நாவல் ஒன்றைப் பற்றி அண்மையில் வெளியான சிறு குறிப்பைப் படித்தேன். பேய் வேண்டியவருக்குப் பேய், கொலை வேண்டியவருக்குக் கொலை, காதல் வேண்டியவருக்குக் காதல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பரிமாறும் இத்தகைய நூல்களை இலக்கியப் பக்கத்தில் பேச வேண்டியதில்லை என்ற கருத்தோடு அந்தக் குறிப்பு நான்கே வரிகளில் முடிந்திருந்தது. அந்த நாவலுக்காக வாதாட நான் இதை எழுதவில்லை. அதில் குறைகள் உண்டு; அவற்றுள் பெரிய குறையைப் பின்னால் நானே சொல்கிறேன். ஆனால் ஒரு தனி நூலின் குறையை வைத்து ஒரு நாவல் வகை முழுவதையும் ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பதாலும், ஒதுக்கப் பயன்படுத்திய அளவுகோலே பிழையானது என்று நான் உறுதியாக நம்புவதாலும், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிளை நூலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அமானுஷ்யக் கதைகள் அடுக்கியிருக்கும் தட்டு எப்போதும் முதலில் காலியாகும். அட்டை கிழிந்து, தையல் பிரிந்து, திரும்பத் திரும்ப பைண்டிங்குக்குப் போய் வந்த புத்தகங்கள் பெரும்பாலும் அந்தத் தட்டைச் சேர்ந்தவைதாம். முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பேனாவால் எழுதிவைத்துவிட்டுப் போகும் வாசகர்களும் உண்டு. அந்தப் பெயரின் மேல் காகிதம் ஒட்டி அடுத்தவருக்குக் கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாக இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பெண்கள் அதைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார்கள். அவர்கள் பேசியது பேயைப் பற்றி அல்ல, கொலையைப் பற்றியும் அவ்வளவாக இல்லை. அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கும்போது அவன் ஏன் உண்மையைச் சொல்லவில்லை, அவன் நல்லவன்தானா, அவள் அந்த வீட்டை விட்டு அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டாமா என்பவைதாம் அவர்களுடைய கேள்விகள். இந்த நாவல் வகையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் எந்த விமர்சகரையும்விடத் துல்லியமாகத் தொட்டுவிட்டார்கள் என்றே கருதுகிறேன்.

மாயம், மர்மம், காதல் ஆகிய மூன்றும் மூன்று தனிச் சரக்குகள் என்று தங்கள் மதிப்புரையாளர் நினைக்கிறார். தரமான நாவலில் அவை ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். பூட்டிய அறைக்குள் கேட்கும் காலடி யாருடையது என்ற கேள்விக்கும், பக்கத்தில் இருப்பவனை நம்பலாமா என்ற கேள்விக்கும் ஒரே விடைதான் இருக்க முடியும் என்னும்படி கதை பின்னப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு விடை தெரிந்தவுடன் மற்றதும் தெரிந்துவிட வேண்டும். அப்படிப் பின்னப்படாத நாவலைத்தான் கலவை என்று சொல்ல வேண்டும்.

சார்லட் பிரான்டி 1847ஆம் ஆண்டு கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலை இதற்குச் சான்றாகச் சொல்வேன். வீட்டு ஆசிரியையாக வரும் ஏழைப் பெண் ஜேன், தார்ன்ஃபீல்டு மாளிகையின் மேல்மாடியிலிருந்து வரும் விகாரமான சிரிப்பைக் கேட்கிறாள். கிரேஸ் பூல் என்ற பணிப்பெண்ணின் சிரிப்பு அது என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு நள்ளிரவில் வீட்டின் உரிமையாளர் ராச்செஸ்டரின் படுக்கை தீப்பற்றி எரிகிறது. ஜேன்தான் தண்ணீர் ஊற்றி அவரைக் காப்பாற்றுகிறாள். அவர்களுடைய திருமணத்துக்கு இரண்டு இரவுகளுக்கு முன்னால், உயரமான பெண்ணுருவம் ஒன்று ஜேனின் அறைக்குள் வந்து, மணமகளின் முகத்திரையை இரண்டாகக் கிழித்துப் போட்டு மிதித்துவிட்டுப் போகிறது. ஜேன் இதைச் சொன்னபோது ராச்செஸ்டர், அது பாதி கனவு பாதி நனவு, வந்தவள் கிரேஸ் பூலாகத்தான் இருக்கும் என்று விளக்கம் கொடுத்து அவளைத் தேற்றுகிறார். இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பேயைப் பற்றி அவர் கொடுக்கும் விளக்கமும், காதலைப் பற்றி அவர் சொல்லும் பொய்யும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. மாடியில் அடைக்கப்பட்டிருப்பவள் அவருடைய மனைவி பெர்த்தா என்பது திருமண நாளன்று தேவாலயத்தில் வெளிப்படும்போது, ‘பேய்’ மறைந்துவிடுகிறது; அதே நொடியில் மணமகனும் மறைந்துவிடுகிறான். ஜேன் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். என் நூலகத்து வாசகிகள் கேட்ட கேள்விக்கு அவள் கொடுத்த விடை அது.

இந்த நாவலில் இன்னொரு மாயமும் இருக்கிறது. அதற்கு விளக்கமே இல்லை. உறவினரான மதபோதகர் ஒருவர் தன்னை மணந்துகொள்ளும்படி ஜேனை வற்புறுத்தி, அவளும் இசைந்துவிடும் நிலைக்கு வந்த இரவில், வெகுதொலைவில் இருக்கும் ராச்செஸ்டரின் குரல் அவள் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறது. அவள் திரும்பிப் போகிறாள். அதே இரவில் தான் அவளை அழைத்ததையும், அவளுடைய மறுமொழி காற்றில் வந்ததையும் அவர் சொல்லக் கேட்கிறாள். ஆனால் தானும் கேட்டதை அவள் அவரிடம் சொல்வதில்லை. வாசகரிடம் மட்டும் சொல்கிறாள். அவர் காட்டிய மாயத்துக்கெல்லாம் பின்னால் ஓர் ஏமாற்று இருந்தது. இந்த ஒன்றுக்குப் பின்னால் எதுவும் இல்லை. எந்த மாயத்தை அவிழ்க்க வேண்டும், எதை அவிழ்க்காமல் விட வேண்டும் என்று தெரிந்த எழுத்தாளரின் கை இது. பொய்யிலிருந்து பிறந்ததை அவிழ்த்துவிட்டு, அன்பிலிருந்து பிறந்ததை அவர் அப்படியே விட்டுவிடுகிறார்.

ஆங்கிலத்தில் இந்த வழியைத் திறந்துவைத்தவர்களுள் முதன்மையானவர் ஆன் ராட்கிளிஃப். 1794இல் நான்கு பாகங்களாக வெளிவந்த அவருடைய ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்த 500 பவுண்டு அக்காலத்துக்குப் பெருந்தொகை. பெற்றோரை இழந்த எமிலி என்ற பெண்ணை, அவளுடைய அத்தையை மணந்த மான்டோனி என்பவன் இத்தாலிய மலைக்கோட்டை ஒன்றுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான். அங்கே கறுப்புத் திரைக்குப் பின்னால் எமிலி கண்டு மயங்கி விழுந்தது மெழுகால் செய்த உருவம் என்று பல நூறு பக்கங்களுக்குப் பிறகுதான் ஆசிரியர் சொல்கிறார். இந்த விளக்கம் ஏமாற்றம் தருகிறது என்று அன்று முதல் பலரும் குறைகூறியிருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தக் கோட்டையின் உண்மையான அச்சம் திரைக்குப் பின்னால் இல்லை. சொத்தை எழுதிக் கொடுக்கும்படி மான்டோனி முதலில் மனைவியையும் பிறகு எமிலியையும் நெருக்குகிறானே, அதுதான் அச்சம். கையெழுத்துக்காக ஒரு பெண்ணை அடைத்துவைக்கும் வீடு எந்த ஊரில் இல்லை? ஜேன் ஆஸ்டின் இந்தக் கோட்டைக் கதைகளைப் பகடி செய்ய எழுதி, அவர் மறைந்த பிறகு 1817இன் இறுதியில் வெளிவந்த நாவலில்கூட, நாயகி மர்ம ஆவணம் என்று நடுங்கி எடுத்த காகிதம் சலவைக் கணக்காகப் போய்விடுகிறது. ஆனால் அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் அவளைத் துணையின்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார். பகடி செய்ய வந்தவரும் பேயைத்தான் கலைத்தார். அச்சத்தின் காரணத்தைக் கலைக்கவில்லை.

ராட்கிளிஃப் 1823இல் மறைந்தார். அவருடைய கட்டுரை ஒன்று 1826இல் வெளியானது. அதில் அவர், வரப்போவதை எண்ணி மனம் விரியும் அச்சம் வேறு, கோரத்தைக் கண்டு மனம் உறைந்துபோகும் நிலை வேறு என்று பிரிக்கிறார். முன்னதில் மங்கலும் ஐயமும் இருப்பதால் மனத்தின் எல்லா ஆற்றல்களும் விழித்துக்கொள்கின்றன. பின்னதில் அவை சுருங்கிவிடுகின்றன. இன்றைய தமிழ்த் திகில் கதைகளில் பலவற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாடு மறந்துபோனதே என்று வருந்துகிறேன். இரத்தம் வழிவதை இரண்டு பக்கம் வருணித்த பிறகு காதலுக்கு அங்கே இடம் இருப்பதில்லை. காதலும் ஐயமும் குடியிருக்கும் மங்கலான வெளியை அந்த வருணனை அடைத்துவிடுகிறது.

இதெல்லாம் இங்கிலாந்தின் பனிமூட்டத்துக்கும் பாழடைந்த கோட்டைக்கும் உரிய சரக்கு, தமிழுக்கு இறக்குமதி என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் ‘மணிமேகலை’யை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அது துறவையும் அறத்தையும் பேசும் பௌத்தக் காப்பியம். அதை ஒரு திகில் கதையாகச் சுருக்க நான் துணியமாட்டேன். ஆனால் அந்த அறத்தைச் சொல்லச் சாத்தனார் எடுத்துக்கொண்ட கதைப்பின்னல் மாயமும் மர்மமும் காதலும் பிரிக்க முடியாதபடி முறுக்கிய வடம்.

உவவனத்துப் பளிங்கு மண்டபத்துக்குள் மணிமேகலை ஒளிந்திருக்கிறாள். அரசகுமாரன் உதயகுமாரனுக்குப் பளிங்கின் ஊடே அவள் உருவம் தெரிகிறது. உள்ளே போகும் வழி தெரியவில்லை. காதலையும் தடையையும் மாயத்தோற்றத்தையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்த காட்சி இது. அவன் போன பிறகு மணிமேகலை தன் தோழி சுதமதியிடம் மனத்தைத் திறக்கிறாள்: தன்னைக் கற்பில்லாதவள், தவவுணர்வு இல்லாதவள் என்று இகழ்ந்த அந்தப் புதியவன் பின்னால் தன் நெஞ்சு போய்விட்டது, காமத்தின் இயல்பு இதுதானா, இதுவே ஆனால் அது கெட்டொழியட்டும் என்கிறாள். அன்றிரவே மணிமேகலா தெய்வம் உறங்கும் அவளைத் தூக்கிக்கொண்டு வான்வழியே மணிபல்லவத் தீவில் வைத்துவிட்டுப் போகிறது. அங்கே புத்த பீடிகையின் முன்னால் அவளுக்குப் பழம்பிறப்பு தெரிகிறது. உதயகுமாரன் முற்பிறப்பில் இராகுலன். அவள் இலக்குமி என்ற பெயரில் அவன் மனைவி. நெஞ்சு ஏன் போயிற்று என்ற மர்மத்துக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் விடை கிடைத்ததால் அவளுடைய சிக்கல் தீரவில்லை, கூடிவிட்டது. முதல் பகுதியில் எழுந்த ஐயத்துக்கு நடுப்பகுதியிலேயே விடையைச் சொல்லிவிட்டு, அந்த விடையையே அடுத்த அச்சத்துக்கு விதையாக்கும் துணிவு இன்றைய தொடர்கதை எழுத்தாளர்களிடமும் அரிது.

அடுத்து நடப்பதுதான் இந்த நாவல் வகையின் இலக்கணமே. காயசண்டிகை என்ற விஞ்சையர் மகள் (வானில் திரியும் வித்தியாதரர் குலத்துப் பெண்), விருச்சிக முனிவனுக்குரிய நாவல் கனியைக் காலால் சிதைத்ததால் சபிக்கப்பட்டு, 12 ஆண்டுகள் ஆனைத்தீ என்னும் பெரும்பசியோடு திரிகிறாள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட சோற்றால் பசி தீர்ந்து தன் ஊருக்குப் புறப்படுகிறாள். உதயகுமாரனிடமிருந்து தப்ப, மணிமேகலை மந்திரத்தால் அந்தக் காயசண்டிகையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். சாபக் காலம் முடிந்ததென்று மனைவியைத் தேடிவந்த காஞ்சனன் இவளைத் தன் மனைவி என்று எண்ணுகிறான். அந்த ‘மனைவி’யோ அவனைப் பொருட்படுத்தாமல், அரசகுமாரனிடம் போய் நிலையாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். பொறாமையில் அவன் ஒளிந்திருக்கிறான். வந்திருப்பவள் மணிமேகலையாக இருக்கலாம் என்று ஐயுற்ற உதயகுமாரன் நள்ளிரவில், அவள் இருக்கும் ஊர்ப் பொது அம்பலமான உலகவறவிக்குத் தனியே வருகிறான். காஞ்சனனின் வாள் அவனை வெட்டி வீழ்த்துகிறது. மூன்று பேர், மூன்று விதமான அறிவு: ஒருத்திக்குத் தான் யாரென்று தெரியும், ஒருவனுக்கு ஐயம் இருக்கிறது, மற்றவனுக்குத் தவறான உறுதி இருக்கிறது. கொல்வது அந்தத் தவறான உறுதிதான். கந்திற்பாவை, தூணில் உள்ள அந்தத் தெய்வப்பாவை, உண்மையைச் சொல்லும்போது காஞ்சனனுக்கு இரண்டு இடிகள் விழுகின்றன. கொன்றது வீண் என்பது ஒன்று, அவனுடைய உண்மையான மனைவி விந்தமலைக்கு மேலே பறந்தபோது விந்தாகடிகை என்னும் காவல் தெய்வத்தின் வயிற்றுக்குள் போய்விட்டாள் என்பது மற்றொன்று.

வெட்டுண்டு கிடப்பவனைக் கண்டு மணிமேகலை மாற்றுருவத்தைக் களைந்துவிட்டு அழுகிறாள். முன்னொரு பிறவியில் நீ பாம்பின் நஞ்சால் இறந்தபோது நான் உன்னோடு தீப்புகுந்தேன் என்று சொல்லிக்கொண்டு அவனை நோக்கிப் போகிறாள். போகாதே என்று பாவை தடுக்கிறது. இத்தனை மந்திரமும் கைவசம் வைத்திருப்பவளால் அவனை நெருங்க முடியவில்லை. காப்பியம் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இதுதான்.

மாயத்துக்கு விதி வேண்டும் என்பதையும் இங்கேயே கற்றுக்கொள்ளலாம். மணிமேகலைக்குக் கிடைத்தவை மூன்று மந்திரங்கள்: வேற்றுரு எடுப்பது, வான்வழிப் போவது, பசியைத் தாங்குவது. அவ்வளவுதான். வடிவம் மாறும், பேச்சும் மனமும் மாறா. அதனால்தான் அரசகுமாரனுக்கு ஐயம் வந்தது, அதனால்தான் கொலை நடந்தது. மாயத்தின் எல்லையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த எல்லையிலிருந்தே விபரீதத்தை வரவழைக்கிறார் சாத்தனார். கதாநாயகி மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சக்தி முளைக்கும் நாவலில் மர்மத்துக்கு வேலை இல்லை. எதுவும் நடக்கலாம் என்றான பிறகு எதைப் பற்றி அஞ்சுவது?

அந்த மூன்று மந்திரங்களுள் ஒன்றுகூடப் பிறர் மனத்தைத் திருப்புவதற்கானது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். தங்கள் பக்கத்தில் குறிப்பிடப்பட்ட நாவலின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. அதன் நாயகன் வசியம் செய்த கயிறு ஒன்றை நாயகிக்குத் தெரியாமல் அவள் கையில் கட்டிவிடுகிறான். அவள் அவனை விரும்பத் தொடங்குகிறாள். கயிறு அறுந்த பிறகும் அன்பு நீடிக்கிறது என்று காட்டி, நடந்ததையெல்லாம் காதல் என்று ஆசிரியர் முடித்துவிடுகிறார். அந்த இடைப்பட்ட அத்தியாயங்களில் அந்தப் பெண்ணின் இசைவு எங்கே இருந்தது என்று நூலில் யாரும் கேட்கவில்லை. தங்கள் மதிப்புரையும் கேட்கவில்லை. வசிய மருந்தும் தகடும் விற்பவர்களிடம் இன்றும் பணத்தையும் நிம்மதியையும் இழப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள் என்பதால் இது வெறும் கதைக் குறை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பேய் வந்ததைக் கண்டித்த குறிப்பு, இதைக் கண்டித்திருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன்.

பழையனூர் நீலி கதையையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தேடிப் பெண்ணுருவில் வருகிறாள்; கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிடுகிறான் என்று பழையனூர் வேளாளர்கள் எழுபது பேர் முன்னிலையில் முறையிடுகிறாள். அவனிடம் இருக்கும் மந்திர வாள்தான் அவனுக்குக் காப்பு. அந்த வாளை வாங்கி வைத்துவிட்டு அவளோடு போகச் சொல்கிறார்கள் ஊரார்; அவன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் தாங்களும் உயிர் விடுவதாக வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தபோது அவன் இறந்து கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் இன்றும் சொல்லப்படும் இந்தக் கதையை வாக்குத் தவறாத பெரியோர் கதையாகவே நம் வழக்கம் போற்றி வந்திருக்கிறது. அது போற்றத்தக்கதுதான். ஆனால் அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை: அவன் அவளுடைய கணவனாக இருந்தவன், அவளைக் கொன்றவன். அந்தப் பாதியிலிருந்து கதையைத் தொடங்க ஒரு நாவலாசிரியர் முன்வந்தால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியில் அடைபட்டிருந்த மனைவிக்கு, டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் தனியாக ஒரு நாவல் எழுதி அவளுடைய இளமையையும் திருமணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அவளை மணந்தபோது ராச்செஸ்டருக்கு 30,000 பவுண்டு கிடைத்தது என்ற செய்தி பழைய நாவலிலேயே இருந்தது. அதை யாரும் ஊன்றிக் கவனிக்கவில்லை. நீலிக்கும் அப்படி ஒருவர் வர வேண்டும்.

தற்காலத் தமிழில் இந்த வழி இல்லாமல் போய்விடவில்லை. ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிய ஆரணி குப்புசாமி முதலியார் காலம் முதலே மர்மத்துக்கு இங்கே பெரிய வாசகர் கூட்டம் உண்டு. சுஜாதா ‘கொலையுதிர் காலம்’ தொடரில் ஆவியா அறிவியலா என்ற வழக்கைத் தன் வக்கீல் பாத்திரங்களான கணேஷுக்கும் வசந்துக்கும் பிரித்துக் கொடுத்து, வாசகரையும் இரண்டு கட்சியாக்கினார். 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், கோயிலும் சித்தரும் காவல் தெய்வமும் உலவும் தமிழ் நிலத்திலேயே மர்மத்தை நிறுத்தினார். இவற்றைப் பற்றி வாசகர்கள் பேசிய அளவுக்கு நம் இலக்கியப் பக்கங்கள் பேசவில்லை என்பது என் மனக்குறை. பேசப்படாத வகையில் தரம் வளராது. தரம் வளராததையே காரணம் காட்டி மறுபடி பேசாமல் விடுகிறோம்.

எழுத்தாளர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. மலைவாசஸ்தலத்துப் பழைய பங்களாவையும், விளக்கேந்தி வரும் காவல்காரக் கிழவரையும் கொஞ்ச காலம் ஓய்வெடுக்க விடலாம். செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி மணமான மகன்களுக்கென்று ஒதுக்கிய அறைகள். தலைமுறைகள் கடந்து பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு சாவியோடு ஊர் ஊராகப் பிரிந்துபோய், பூட்டிய அறையும் பூட்டாத முற்றமுமாக நிற்கும் வீடுகள் அவை. விழாவுக்கும் திருமணத்துக்கும் எல்லாரும் வந்து கூடுகிறார்கள். மற்ற நாட்களில் ஒரு அறைக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த அறைக்காரருக்குத் தெரியாது. புதிதாக மணமாகி அந்த வீட்டுக்கு வரும் ஒரு பெண்ணுக்கு, கணவன் எல்லா அறையையும் காட்டி ஒன்றை மட்டும் காட்டாமல் விட்டால், அதற்கு மேல் வேறு கோட்டை எதற்கு? சொத்து, உறவு, இறந்தவர் நினைவு, புதுக் காதல் எல்லாம் அங்கே ஏற்கெனவே குடியிருக்கின்றன.

மதிப்புரை எழுதுபவர்கள் இந்த வகை நூல்களைக் கையில் எடுக்கும்போது, பேய் உண்டா இல்லையா என்று தங்கள் கொள்கையைச் சொல்வதில் இடத்தைச் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பகுத்தறிவுக்கு இந்த நாவல்கள் பகை அல்ல; காட்டியதை அப்படியே நம்பாதே, சொன்னவர் யார் என்று பார், அவருக்கு இதனால் என்ன ஆதாயம் என்று கேள் என்று வாசகரைப் பழக்கும் நாவல் வேறு எந்த வகையிலும் இவ்வளவு இல்லை. மாயத்தின் விதி நூலுக்குள் காப்பாற்றப்பட்டிருக்கிறதா, மர்மம் அவிழும்போது காதலர்களில் யாராவது வேறு ஆளாகத் தெரிகிறார்களா, இறந்துபோன பெண்ணுக்கு நூலில் ஒரு பெயராவது இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும். கடுமையாகவே எழுதட்டும். ஒதுக்கி வைப்பதைவிடக் கடுமையாகப் படிப்பது மேலான மரியாதை.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். அடுத்து இவ்வகை நாவல் ஒன்று தங்கள் அலுவலகத்துக்கு வந்தால், இந்நூல்களைத் தொடர்ந்து படிக்கும் ஒருவரிடம் அதைக் கொடுங்கள்; நான்கு வரிக்குப் பதிலாக அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். மர்மத்தின் முடிவை மட்டும் தயவுசெய்து அச்சிடாதீர்கள். சென்ற குறிப்பில் கொலைகாரர் யார் என்பது மூன்றாவது வரியிலேயே வந்துவிட்டது. அந்த நாவலை இன்னும் படிக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருவள்ளூர்.